பதினாறு நாளாகப் பதில் இல்லை, போன் பண்ணிக் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு, கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் நான்கு வருடமாகக் குவாலிட்டி இன்ஜினியராக இருக்கிறேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் மூன்று சுற்று இன்டர்வியூ முடித்தேன். கடைசிச் சுற்றில் பிளான்ட் ஹெட் ஒரு மணி நேரம் நன்றாகப் பேசினார், விசிட்டிங் கார்டு கொடுத்தார். எச்.ஆர். மேடம் "ஒரு வாரத்தில் சொல்றோம்" என்றார். இன்றோடு பதினாறு நாள். ஒரு கேள்விக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்ற உறுத்தலும் இருக்கிறது. (அளக்கும் கருவியைச் சோதிக்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் 22 சதவீதம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றார், கருவியை ஒதுக்கிவிடுவேன் என்றேன்.) அப்பா, போன் பண்ணிக் கேள் என்கிறார். தோழியோ, வேலைக்கு அலைவதாக நினைப்பார்கள் என்கிறாள். சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் அங்கே பர்ச்சேஸில் இருக்கிறாராம், சொல்லிவைக்கட்டுமா என்கிறார். இதற்கிடையில் ஓசூரில் வேறொரு கம்பெனி ஆஃபர் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறது. எனக்கு ஒரகடம்தான் பிடித்திருக்கிறது. என்ன செய்வது?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகக் கேளுங்கள். ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றது அவர்கள். அந்த வாரம் முடிந்தே ஒன்பது நாளாகிறது. சொன்ன தேதி தாண்டியபின் என்ன ஆயிற்று என்று விசாரிப்பதை யாரும் அலைவதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதில் அப்பா சொல்வதுதான் சரி. தோழி பயப்படுவதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

கேட்பதற்கு முன்னால் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்டர்வியூ முடிந்தபின் நீங்கள் அனுப்பும் மெயிலால் முடிவு மாறுவது அபூர்வம். தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் என் தலை நரைத்துவிட்டது. வேண்டாம் என்று எழுதிய பெயரை, அவர் அழகாக நன்றி மெயில் போட்டார் என்பதற்காகத் திரும்ப எடுத்ததாக நினைவில்லை. வேண்டும் என்று எழுதிய பெயரை, அவர் ஒரு தடவை போன் பண்ணினார் என்பதற்காக அடித்ததும் இல்லை. பலர் இதைப் பரீட்சையின் நான்காவது சுற்றாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை மாற்றி எழுதிக் கடைசியில் அனுப்பாமலே விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு இதனால் கிடைக்க வேண்டியது ஒரு தகவல் மட்டும்: அந்த இடம் இன்னும் திறந்திருக்கிறதா, எப்போது தெரியும். வெள்ளிக்கிழமை ஓசூருக்கு என்ன சொல்வது என்று முடிவெடுக்க அந்தத் தகவல் வேண்டும். அதற்காகக் கேட்கிறோம் என்று வைத்துக்கொண்டால் கை நடுங்காது.

அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருக்கும்? உங்களைப் பற்றிய மதிப்பீட்டுத் தாளைப் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ நிரப்பியிருப்பார்கள். அதற்கப்புறம் வரும் தாமதத்துக்கும் நீங்கள் சொன்ன பதில்களுக்கும் அதிகச் சம்பந்தம் இருக்காது. சம்பளம் அந்த கிரேடின் வரம்புக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் தலைமை அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் கஸ்டமர் ஆடிட்டில் மாட்டிக்கொண்டிருப்பார். மாதக் கடைசி என்றால் கேட்கவே வேண்டாம், டிஸ்பாட்ச் இலக்கை எட்டும்வரை பிளான்ட் ஹெட் யாருடைய ஃபைலையும் திறக்க மாட்டார். மார்ச் மாதமாக இருந்தால் "ஏப்ரலில் புது பட்ஜெட்டில் பார்த்துக்கலாம்" என்று ஒரே வரியில் மொத்தமும் நின்றுபோகும். சில சமயம் அதே குழுமத்தின் இன்னொரு ஆலையிலிருந்து ஒருவரை மாற்றிக்கொண்டு வந்து, வெளியிலிருந்து ஆள் எடுப்பதையே விட்டுவிடுவார்கள். உங்களிடம் பேசிய எச்.ஆர். மேடமே வேறு கம்பெனிக்குப் போயிருக்கவும் கூடும். நம்ப மாட்டீர்கள், இது அடிக்கடி நடக்கிற விஷயம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள். உங்களை இரண்டாவது இடத்தில் வைத்திருக்கலாம். முதல் ஆளுக்கு ஆஃபர் போயிருக்கும், அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பார். நம் ஊரில் நோட்டீஸ் பீரியட் 60 நாள், 90 நாள் என்று நீள்கிறது. ஆஃபரை வாங்கிக்கொண்டு அந்த இடைவெளியில் இன்னொரு கம்பெனிக்குப் போய்விடுபவர்கள் நிறைய. ஆகவே முதல் ஆள் உறுதியாகும்வரை இரண்டாவது ஆளிடம் இல்லை என்று சொல்ல எச்.ஆருக்கு வாய் வராது. ஆமாம் என்றும் சொல்ல முடியாது. அந்த மௌனம் உங்களுக்கு அவமரியாதையாகத் தெரியும், அவர்களுக்கு அது கையிருப்பு. இதை நான் நியாயப்படுத்தவில்லை. "இன்னும் இரண்டு வாரம் ஆகும்" என்று ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும். அதை எழுதாத எச்.ஆர். துறைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, நானும் அதே துறைக்காரன் என்றாலும்.

கேட்டவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் நம் நாட்டில் இல்லை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் இருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், விளம்பரம் கொடுத்து இன்டர்வியூ செய்தவர்களுக்கு, கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் அந்த இடத்துக்கு முடிவெடுத்தாயிற்றா என்பதைத் தெரிவிக்க வேண்டும். டொரன்டோவில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப்பாருங்கள், அங்கேயும் இந்தக் காத்திருப்பு பெரிய வயிற்றெரிச்சலாக இருந்துதான் சட்டம்வரை போயிருக்கிறது. நமக்கு அது வரும்வரை நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சரி, யாரிடம் கேட்பது? எச்.ஆர். மேடத்திடம். உங்கள் ஃபைல் அவர் கையில்தான் இருக்கிறது, ஒரு வாரம் என்று சொன்னதும் அவர். விசிட்டிங் கார்டு கையில் இருக்கிறதே என்று நேராகப் பிளான்ட் ஹெட்டை அழைக்காதீர்கள். அழைத்தால் அவர் செய்யப்போவது ஒன்றுதான். "எச்.ஆர்.கிட்ட கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் எச்.ஆரைக் கூப்பிட்டு "அந்தப் பொண்ணுக்கு ஏன் இன்னும் சொல்லலை?" என்று கேட்பார். இது உங்களுக்கு லாபம் போலத் தோன்றலாம். ஆனால் உங்கள் சம்பளத்தை நிர்ணயிக்கப்போவதும், சேரும் தேதியை ஒத்திப்போடப்போவதும் அந்த எச்.ஆர்.தான். அவரைத் தாண்டிப் போனதாக முதல் வாரமே பெயர் வாங்க வேண்டாம்.

முதலில் மெயில். இன்டர்வியூவுக்கு அழைத்து அவர் அனுப்பிய மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். ஒரு நாளில் அவர் எத்தனையோ பேரிடம் பேசுகிறார், உங்கள் பெயரைப் பார்த்ததும் முகம் நினைவுக்கு வராது. பழைய மெயிலின் கீழேயே இருந்தால் எந்தப் பதவி, எந்தத் தேதி என்று தேட வேண்டிய வேலை மிச்சம். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், பொருளைத் தமிழில் தருகிறேன்:

"வணக்கம் மேடம். இந்த மாதம் இன்ன தேதியில் குவாலிட்டி இன்ஜினியர் பதவிக்கான கடைசிச் சுற்றில் பிளான்ட் ஹெட்டைச் சந்தித்தேன். ஒரு வாரத்தில் தெரிவிப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். அந்த வேலையில் எனக்கு ஆர்வம் அப்படியே இருக்கிறது. இதற்கிடையில் இன்னொரு நிறுவனத்திடமிருந்து எழுத்துப்பூர்வமான ஆஃபர் வந்திருக்கிறது, அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டும். உங்கள் நிறுவனத்தில் முடிவு எந்த நிலையில் இருக்கிறது, எப்போது தெரியும் என்று புதன்கிழமைக்குள் சொல்ல முடிந்தால் எனக்கு உதவியாக இருக்கும். நன்றி." கீழே பெயர், போன் நம்பர்.

இவ்வளவு போதும். உங்கள் திறமைகளை மறுபடி அடுக்காதீர்கள், அதெல்லாம் ரெஸ்யூமில் இருக்கிறது. "தங்கள் மேலான கவனத்துக்கு" என்கிற பாணியும் வேண்டாம். பதில் தராததற்காகக் குத்தலும் வேண்டாம். "நான் பதினாறு நாளாகக் காத்திருக்கிறேன்" என்று எழுதினால் உண்மைதான், ஆனால் படிப்பவர் முதலில் தன் பக்கத்துக்கு வக்காலத்து வாங்கத்தான் யோசிப்பார். "ஒரு வாரத்தில் தெரிவிப்பதாகச் சொல்லியிருந்தீர்கள்" என்ற வரியிலேயே அது இருக்கிறது, கணக்கு அவரே போட்டுக்கொள்வார்.

இன்னொரு ஆஃபரைச் சொன்னால் மிரட்டுவதாக ஆகாதா என்று கேட்பீர்கள். உண்மையாக இருக்கும்போது ஆகாது. எச்.ஆருக்கு அது உள்ளே நகர்த்துவதற்கு ஒரு பிடி. "சார், இந்த கேண்டிடேட் வெள்ளிக்கிழமை போயிடுவாங்க" என்று சொல்லித்தான் தேங்கிய கையெழுத்தைப் பல தடவை வாங்கியிருக்கிறோம். ஆனால் கையில் ஆஃபர் எதுவும் இல்லாமலே, இருப்பதாகச் சொல்லிப்பார்க்கலாமா என்று இதைப் படிக்கும் வேறு யாராவது நினைத்தால், விட்டுவிடுங்கள். அடுத்த கேள்வியே "ஆஃபர் லெட்டர் காப்பி அனுப்புங்க, சி.டி.சி. எவ்வளவு?" என்றுதான் வரும். வராவிட்டால் இன்னும் மோசம், "நல்ல இடம்னா அதிலேயே சேர்ந்துடுங்க, வாழ்த்துகள்" என்று முடித்துவிடுவார்கள். நீங்களும் கம்பெனி பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, ஓசூர்ப் பக்கம் ஒரு நிறுவனம் என்றால் போதும். லெட்டர் காப்பி கேட்டால் தரலாமா என்பது அந்த ஆஃபரில் ரகசியம் காக்கும் நிபந்தனை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, படித்துவிட்டுச் செய்யுங்கள்.

இன்றைக்கே மெயில் போடுங்கள். புதன் மதியம்வரை பதில் இல்லையென்றால் போன். பதினொன்றிலிருந்து பன்னிரண்டரைக்குள், இல்லையென்றால் மூன்று மணிக்கு மேல். தொழிற்சாலையில் காலை ஒன்பது பத்து மணிவரை புரொடக்‌ஷன் மீட்டிங், ஆள் வரவில்லை, பஸ் வரவில்லை என்று எச்.ஆர். தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் நேரம். அப்போது கூப்பிட்டால் நல்ல பதிலும் எரிச்சலாகத்தான் வரும். எடுத்ததும் பெயர், பதவி, தேதி சொல்லி, "இப்ப ரெண்டு நிமிஷம் பேசலாமா மேடம்?" என்று கேளுங்கள். "செலக்ட் ஆயிட்டேனா?" என்று கேட்காதீர்கள், போனில் யாரும் அதற்குப் பதில் சொல்லத் துணிய மாட்டார்கள். "முடிவு எப்போது தெரியும்?" என்று கேளுங்கள். தேதி சொல்வது எளிது, சொல்லிவிடுவார்கள். "ப்ராசஸ்ல இருக்கு" என்று மட்டும் வந்தால், "வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிய வாய்ப்பு இருக்கா?" என்று ஒரு தடவை, ஒரே தடவை கேளுங்கள். அதற்கு வரும் பதிலைவிடப் பதிலுக்கு முன்னால் வரும் தயக்கம் அதிகம் சொல்லும்.

வாட்ஸ்அப்? மேடமே இன்டர்வியூவுக்கு வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பியிருந்தால் அதே உரையாடலில் மெயில் போட்டிருப்பதாக ஒரு வரி போடலாம். அவராக அங்கே வரவில்லையென்றால் நீங்களும் போகாதீர்கள். நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லையே என்று ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டாம். எச்.ஆர். போனில் நீல டிக் விழாத நாளே இல்லை. காலை வணக்கப் படங்கள் அனுப்பிவைப்பவர்கள் உண்டு. நீங்கள் அப்படி இல்லை என்று நம்புகிறேன்.

இனி உங்களை உறுத்தும் அந்தக் கேஜ் ஆர் அண்ட் ஆர் விஷயம். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பொருளை அளக்கும்போது கருவியும் அளக்கிற ஆளும் சேர்ந்து எவ்வளவு மாறுபாட்டைக் கொண்டுவருகிறார்கள் என்று பார்க்கும் சோதனை இது. வாகனத் துறையில் பொதுவாக 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் நல்லது, 30-க்கு மேல் என்றால் ஏற்க முடியாது. இடையில் உள்ளதை அந்த அளவு எவ்வளவு முக்கியம், கருவியை மாற்ற என்ன செலவு என்பதைப் பார்த்து ஏற்கலாம். ஆக 22 என்பது வேண்டுமென்றே நடுவில் வைத்துக் கேட்ட கேள்வி. ஒதுக்கிவிடுவேன் என்ற உங்கள் பதில் அரைகுறைதான். பிளான்ட் ஹெட் எதிர்பார்த்தது, "எந்த டைமென்ஷன் சார்? கஸ்டமர் குறித்துக் கொடுத்த முக்கிய அளவா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்பதை.

இதை இப்போது திருத்தி எழுதலாமா? பதினாறு நாள் கழித்து வேண்டாம். அவர் மறந்திருப்பார், நீங்களாகப் போய் நினைவுபடுத்துவீர்கள். இன்டர்வியூ முடிந்த அன்று மாலையே என்றால் என் பதில் வேறு. அன்றைக்கு, கார்டில் இருக்கும் மெயிலுக்கு, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லிவிட்டு, "கேஜ் ஆர் அண்ட் ஆர் கேள்விக்கு நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். அது முக்கிய அளவாக இருந்தால் முதலில் அளப்பவர்களுக்கிடையில் வித்தியாசமா, கருவியிலேயே வித்தியாசமா என்று பிரித்துப் பார்ப்பேன். ஆளால் என்றால் பயிற்சியும் ஃபிக்ஸ்சரும் போதும், கருவியால் என்றால்தான் மாற்றுவேன்" என்று மூன்று வரி எழுதியிருந்தால் அது அருமையான மெயில். குவாலிட்டி வேலையே தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான், அதைத் தன் பதிலிலேயே செய்துகாட்டியிருக்கிறாள் என்று அவர் நினைத்திருப்பார். முடிவை மாற்றுவது அபூர்வம் என்றேனே, அந்த அபூர்வம் நடந்தால் இப்படிப்பட்ட மெயிலால்தான் நடக்கும், அதுவும் மதிப்பீட்டுத் தாள் எச்.ஆர். கைக்குப் போவதற்கு முன்னால் வந்து சேர்ந்தால். வெறும் நன்றி மெயில் அமெரிக்கக் கம்பெனிகளில் எதிர்பார்ப்பார்கள். நம் ஊர்த் தொழிற்சாலைகளில் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சொல்ல விஷயம் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

ஒரு கேள்வி தப்பிப்போனால் எல்லாம் போயிற்று என்றும் நினைக்க வேண்டாம். கருவியை ஒதுக்குவேன் என்பது பாதுகாப்பான பக்கம் சாய்ந்த தப்பு. "22 தானே, ஓட்டிக்கலாம்" என்று சொல்லியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

சித்தப்பாவின் நண்பர். இது கொஞ்சம் நுட்பமான விஷயம், மறுத்தால் வீட்டில் வருத்தம் வரும். ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர் விண்ணப்பத்துக்கு முன்னால் உங்களைப் பரிந்துரைப்பது முறையான வழி, பல கம்பெனிகள் அதற்கு ஊழியருக்குப் பரிசுத் தொகையும் கொடுக்கின்றன. மூன்று சுற்றும் முடிந்தபிறகு ஒருவர் வந்து "நம்ம பொண்ணுதான், பாத்துக்கங்க" என்றால் அதன் நிறம் வேறு. அதுவும் பர்ச்சேஸிலிருந்து. சப்ளையர் அனுப்பும் சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டியது குவாலிட்டி, சரக்கு வராவிட்டால் கத்துவது பர்ச்சேஸ். அந்த இரண்டு துறைக்கும் நடுவில் தினசரி இழுபறி நடக்கும் இடத்தில், பர்ச்சேஸ்காரர் கொண்டுவந்த குவாலிட்டி இன்ஜினியர் என்ற முத்திரையோடு நுழையாதீர்கள். சொந்தத் திறமையில் கிடைத்த வேலையைக்கூட அப்படித்தான் சொல்வார்கள். சித்தப்பாவிடம், "சிபாரிசு வேண்டாம் சித்தப்பா, அந்த இடத்துக்கு யாராவது சேர்ந்துட்டாங்களான்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லச் சொல்லுங்க" என்று கேளுங்கள். கேண்டீனில் தெரிந்துவிடும் விஷயம் அது. அவருக்கும் உதவிய திருப்தி.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாத இரண்டு மூன்று சூழ்நிலைகளையும் சொல்லிவிடுகிறேன், இதே கேள்வி வேறு வடிவங்களில் வருகிறது. கன்சல்டன்சி மூலம் போனவர்கள் கம்பெனியை நேராகக் கேட்கக் கூடாது, கன்சல்டன்சியைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் சேர்ந்தால்தான் கம்பெனி அவர்களுக்குப் பணம் தரும். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது பரவலாக உள்ள கட்டணம். ஆக உங்களைவிட அவர்களுக்கு அவசரம் அதிகம். அந்தக் கட்டணம் கம்பெனி தருவது என்பதால், உங்களிடம் யாராவது "செலக்ட் ஆயிட்டீங்க, டிரெயினிங் டெபாசிட், யூனிபார்ம் டெபாசிட் கட்டுங்க" என்று கேட்டால் அது மோசடி. இன்டர்வியூ முடிந்து பதிலுக்குத் தவித்துக்கொண்டிருக்கும் ஆட்களைக் குறிவைத்துத்தான் இந்த அழைப்புகள் வருகின்றன. கம்பெனியின் சொந்த டொமைன் இல்லாமல் ஜிமெயிலிலிருந்து வரும் ஆஃபர் லெட்டரைக் கண்டால் கம்பெனி இணையதளத்தில் உள்ள நம்பருக்குப் போன் செய்து சரிபாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள், சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது.

அரசு வேலை, பொதுத்துறை நிறுவனம் என்றால் நான் இதுவரை சொன்ன எதுவும் செல்லாது. அங்கே நேர்காணல் நடத்தியவரைத் தொடர்புகொள்ளவே கூடாது. எந்த வகையிலாவது சிபாரிசு தேடினால் தகுதியிழப்பு என்று அறிவிக்கையிலேயே போட்டிருப்பார்கள். முடிவு இணையதளத்தில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தபின் உங்கள் மதிப்பெண் தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது, 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒரகடத்துக் கம்பெனிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

திரும்ப உங்களுக்கே வருகிறேன். எவ்வளவு தூரம் கேட்பது? ஒரு மெயில், ஒரு போன். போனில் புதுத் தேதி சொன்னால், அந்தத் தேதிக்கு இரண்டு நாள் கழித்து இன்னொரு மெயில். அதற்கும் மௌனம் என்றால் அதுதான் பதில். தோழி பயந்தது நான்காவது, ஐந்தாவது அழைப்பைப் பற்றி என்றால் அவள் சொல்வது மெத்தச் சரி. ஒரு பையன் தினமும் காலை பதினொன்றுக்கு எங்கள் எச்.ஆர். எக்ஸிக்யூட்டிவை அழைத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வாரம் அந்தப் பெண் பதினொன்றுக்கு டீ குடிக்கப் போகப் பழகிவிட்டாள். பையன் திறமைசாலி, வேலையும் கடைசியில் அவனுக்குத்தான் கிடைத்தது. ஆனால் சேர்ந்து வெகுநாள்வரை அவனுக்கு அங்கே "பதினொரு மணி" என்றுதான் பெயர்.

இல்லை என்று பதில் வந்தால்? நன்றி, வருங்காலத்தில் பொருத்தமான இடம் வந்தால் நினைவில் வையுங்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஏன் எடுக்கவில்லை என்று விளக்கம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது, எழுத்தில் காரணம் தரப் பயப்படுவார்கள். ஆனால் அந்த இரண்டு வரிக்கு மதிப்பு உண்டு. முதல் ஆள் சேருவதாகச் சொல்லி வராமல் போகும் தினத்தில் எச்.ஆர். பழைய பட்டியலைத்தான் திறப்பார். அப்போது மரியாதையாகப் பதில் எழுதியவரை அழைக்கக் கூச்சம் இருக்காது.

இப்போது ஓசூர். வியாழன் மாலைவரை ஒரகடத்திலிருந்து உருப்படியாக எதுவும் வரவில்லையென்று வைத்துக்கொள்வோம். ஓசூரிடம் கூடுதல் நாள் கேட்கலாம். "குடும்பத்தோடு பேச வேண்டியிருக்கிறது, திங்கட்கிழமை மாலைக்குள் உறுதியாகச் சொல்கிறேன்" என்றால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒரு தடவைதான் கேட்க முடியும், அதற்கு மேல் கேட்டால் உங்களுக்கு வேறு இடம் இருப்பது அவர்களுக்குப் புரிந்துவிடும். அந்தத் திங்களும் தாண்டினால், ஒரகடம் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு ஓசூரைத் தனியாக எடைபோடுங்கள். கோவையில் இப்போது இருக்கும் வேலையைவிட அது மேலா? மேல் என்றால் சேருங்கள். இல்லையென்றால், ஆஃபர் கையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் போக வேண்டாம், உங்களுக்கு இப்போதே வேலை இருக்கிறது. பிளான்ட் ஹெட் சிரித்துப் பேசியதையும் கார்டு கொடுத்ததையும் எடைக்கல்லாக வைக்காதீர்கள். அவர் வந்த எல்லோருக்கும் கார்டு கொடுப்பவராக இருக்கலாம்.

ஓசூருக்குச் சரி சொன்னபின் ஒரகடம் கூப்பிட்டால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். பத்து நாளுக்குள் என்றால், ஓசூரில் அந்த இடத்துக்கு இருந்த மற்றவர்களை இன்னும் விட்டிருக்க மாட்டார்கள். அப்போது நேராகப் போன் பண்ணி, மன்னிப்புக் கேட்டு, வரவில்லை என்று சொல்லிவிடலாம். அவர்களுக்குக் கோபம் வரும், நியாயம்தான், ஆனால் வேறு ஆள் தேட நேரம் இருக்கும். சேர வேண்டிய நாளன்று போனை அணைத்துவைப்பதுதான் மன்னிக்க முடியாதது. ஓசூரும் ஒரகடமும் வேறு வேறு ஊர் என்று நினைக்காதீர்கள். ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எச்.ஆர்.காரர்கள் ஒருவருக்கொருவர் பழக்கம், ஆள் தேடும்போது பேசிக்கொள்வார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரகடம் கூப்பிட்டால், அதற்குள் நீங்கள் ஓசூரில் சேர்ந்திருந்தால், போகாதீர்கள் என்பேன். ரெஸ்யூமில் இரண்டு மாத வேலை ஒன்று இருந்தால் அடுத்த பல வருடத்துக்கு ஒவ்வொரு இன்டர்வியூவிலும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். மறைக்கவும் முடியாது, பி.எஃப். கணக்கில் உங்கள் யு.ஏ.என். எண்ணின் கீழ் அந்தக் கம்பெனியும் பதிவாகியிருக்கும்.

அடுத்த இன்டர்வியூ எங்கே போனாலும், எழுந்திருக்கும் முன் "முடிவு எப்போது தெரியும், தெரியவில்லை என்றால் நான் யாரைத் தொடர்புகொள்ளலாம்?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். சொல்கிற பெயரையும் தேதியையும் வெளியே வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே போய்விடும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஒரகடமோ ஓசூரோ, சம்பளப் பிரிவும் சேரும் தேதியும் போட்டுக் கையெழுத்தான லெட்டர் கைக்கு வரும்வரை கோவையில் ராஜினாமா கொடுக்காதீர்கள். "வாய்மொழியா கன்ஃபர்ம் பண்றேன், பேப்பர் போட்டுடுங்க" என்று எவ்வளவு பிரியமாகச் சொன்னாலும் சரி. சேரும் தேதியைச் சொல்லும்போது உங்கள் நோட்டீஸ் பீரியட் முழுவதையும் கணக்கிட்டுச் சொல்லுங்கள். முன்கூட்டியே ரிலீவ் பண்ணிவிடுவார்கள் என்று நம்பித் தேதி கொடுத்தால், கோவையில் உங்கள் மேனேஜர் கையெழுத்துப் போட மறுக்கும்போது இரண்டு பக்கமும் கெஞ்ச வேண்டிவரும்.